சோசம்மா சம்மதித்த நாள்

கேரளத்தில் பாலாவை அடுத்த பிரவித்தானத்தில் வக்கீல் சோசம்மா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அவர் படித்தது நர்ஸ் வேலைக்கு. கோர்ட்டுப் படி ஏறியதே கிடையாது. ஆனால் கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படிக்காமல் கீழே வைக்கமாட்டார். மாத்திரை டப்பாவுக்குள் எட்டாய் மடித்துச் செருகியிருக்கும் சீட்டு, கேஸ் சிலிண்டர் புத்தகத்தின் பின் அட்டை, பால் சொசைட்டியின் விதிமுறை, எதையும் விட்டதில்லை. மகள் ஜிஸ்மோளின் கல்யாணத்தன்று, சர்ச்சில் ஊரார் அச்சன் என்று கூப்பிடும் பாதிரியார் ரிஜிஸ்டரைத் திறந்து பேனாவை நீட்டியபோது, நூற்றைம்பது பேர் பசியோடு காத்திருக்க, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஒரு தடவ வாசிச்சுக்கறேன் அச்சோ."

"இது கல்யாண ரிஜிஸ்டர் சோசம்மா. கேஸ் கட்டு இல்ல."

"கேஸ்னா அப்பீல் போகலாமே அச்சோ."

பாதிரியாரே சிரித்துவிட்டார். ஜிஸ்மோள் மட்டும் சிரிக்கவில்லை. முகத்திரையை இழுத்து விட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். கணவர் தொம்மிச்சன் உயிரோடு இருந்த காலத்தில் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லித் திரிந்தார். சோசம்மா அதைச் சொன்னதே இல்லை.

1984-ல் அவருக்கு இருபத்தாறு வயது. ஜிஸ்மோள் ஏழு மாதக் குழந்தை. தொம்மிச்சன் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். கட்ட ஆரம்பித்த வீடு கூரை இல்லாமல் இரண்டு மழைக்காலம் நனைந்திருந்தது. வளைகுடாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ்கள் வேண்டும், இரண்டே வருஷம், வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு என்று கேள்விப்பட்டுக் கொச்சியில் ஒரு லாட்ஜுக்குப் போனார்கள். ஓர் அறை, ஒரு மேசை, வாசல்வரை நீண்ட வரிசை. மேசைக்குப் பின்னால் இருந்த ஏஜெண்டின் ஆள் இடது உள்ளங்கையைக் காகிதக் கட்டின் மேல் அகல விரித்து வைத்திருந்தான். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போடும் கோடு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"இங்க. இங்க. இங்கயும்."

"படிச்சுப் பாக்க வேண்டாமா?" என்றார் சோசம்மா.

"எல்லாரும் போடறதுதான் சிஸ்டர். பின்னாடி ஆள் நிக்குது, சீக்கிரம்."

சோசம்மா வாசலைப் பார்த்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தொம்மிச்சன், போடு என்று தலையை ஆட்டினார். காலையிலிருந்து பால் கொடுக்காததால் மார் கட்டி வலித்தது. சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்க் குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அப்போது மனதில் இருந்தது. இருபத்துநான்கு இடங்களில் கையெழுத்துப் போட்டார்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்ததும் லீவு கேட்டார். இல்லை என்றார்கள். இரண்டாம் வருஷ நடுவில் தொம்மிச்சனின் கடிதம் வந்தது. ஜிஸ்மோளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து கோட்டயம் மெடிக்கல் காலேஜில் சேர்த்திருக்கிறோம், பிழைப்பாளா தெரியாது, நீ வா. கடிதம் வந்து சேரப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. சோசம்மா அதைக் கையில் பிடித்தபடியே சூப்பிரண்டின் அறைக்கு ஓடினார். அவர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது உன் கையெழுத்துத்தானே?"

"ஆமா சார்."

"அப்படின்னா படி."

துணி அடுக்கும் அறையில் நின்றுகொண்டே படித்தார். ஐந்து வருஷம். முதல் மூன்று வருஷம் லீவு கிடையாது. பாஸ்போர்ட் நிர்வாகத்திடம் இருக்கும். நடுவில் விலகினால் அபராதம். அது அவருடைய ஆறு வருஷச் சம்பளம். எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. இரண்டே வருஷம் என்று பொய் சொன்னது மனிதர்களின் வாய். காகிதம் ஆரம்பத்திலிருந்தே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, அவர்தான் காது கொடுக்கவில்லை. அடுத்த கடிதம் வருவதற்குள் பதினொரு நாள் போயிற்று. அந்தப் பதினொரு நாளும் மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் வார்டில் மற்றவர்களின் குழந்தைகளுக்கு ஊசி போட்டார்.

குழந்தை பிழைத்துவிட்டது. மூன்று வருஷம் கழிந்தபின் லீவு வரும் என்று எழுதியிருந்ததும் ஆள் பற்றாக்குறை என்று தள்ளித் தள்ளிப் போனது. அதற்கும் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஐந்து வருஷமும் முடிந்து சோசம்மா விமானத்திலிருந்து இறங்கியபோது, ஆறு வயதை நெருங்கிய ஒரு பெண் குழந்தை தொம்மிச்சனின் அக்கா அன்னக்குட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது.

"அம்மச்சி, இது யாரு?" என்று அன்னக்குட்டியிடம்தான் கேட்டது.

அன்னக்குட்டி நல்ல மனுஷி. குழந்தையை முன்னால் தள்ளி, "இதுதான்டி உன்னப் பெத்த அம்மச்சி, போ, போய்க் கட்டிக்கோ" என்றாள். குழந்தை போகவில்லை. பிறகு வீட்டில் ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது. அன்னக்குட்டி அம்மச்சி. சோசம்மா 'வந்த அம்மச்சி'. வந்த அம்மச்சி சட்டை தைத்தார், வந்த அம்மச்சி பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டினார், வந்த அம்மச்சி தலையில் எண்ணெய் வைக்க உட்கார்ந்தால் மட்டும் குழந்தை நெளிந்தது. ஜிஸ்மோளுக்குப் பதினைந்து வயதில் அன்னக்குட்டி செத்துப் போனாள். அதன் பிறகு 'வந்த' உதிர்ந்துபோயிற்று. சோசம்மாவுக்கு அதில் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

ஊருக்குத் திரும்பியபின் அவர் வேலை பார்த்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். அங்கே ஆபரேஷனுக்கு முன் வாங்கும் சம்மதக் கையெழுத்து அவர் கைக்கு வந்தது. மற்ற நர்ஸ்கள் காகிதத்தை நீட்டி விரலால் இடத்தைக் காட்டுவார்கள். சோசம்மா கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆங்கிலத்தில் இருப்பதை மலையாளத்தில் ஒவ்வொரு வரியாகச் சொல்லுவார். மயக்க மருந்தில் என்ன ஆகலாம், ரத்தம் போனால் என்ன ஆகலாம், எல்லாம்.

"சோசம்மா சிஸ்டர் வாசிச்சு முடிக்கறதுக்குள்ள பேஷண்ட் குணமாகிடுவான்" என்று சர்ஜன் ஒருநாள் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"ஆகட்டும் டாக்டர். நல்லதுதானே?"

ஒருமுறை ரப்பர் வெட்டுகிற ஒரு மனிதர் அவர் வாசித்ததை முழுக்கக் கேட்டார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இவ்வளவும் வர வாய்ப்பிருக்குன்னா எனக்கு வேண்டாம் சிஸ்டர்" என்று இறங்கிப் போய்விட்டார். மூன்று மாதத்தில் அவர் குடல் வெடித்துச் செத்தார் என்று சேதி வந்தது. சோசம்மா அடக்கத்துக்குப் போனார். அந்த மனிதரின் மனைவி அவரை அடையாளம் கண்டுகொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்து, ஆஸ்பத்திரியில் மறுநாளும் வாசித்தார். வாசிக்காமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை.

2006-ல் தொம்மிச்சன் போனார். இரண்டு வருஷம் கழித்து மூட்டுவலி வந்து சோசம்மா வேலையை விட்டார். அதற்குள் ஜிஸ்மோளும் நர்ஸாகி, கல்யாணமாகி, கணவன் ரெஜியோடு அயர்லாந்துக்குப் போயிருந்தாள். போவதற்கு முன் அவளுடைய வேலை ஒப்பந்தத்தை வரவழைத்து நான்கு நாள் வைத்துப் படித்துக் கொடுத்தவர் சோசம்மாதான். "இது நல்ல காகிதம் மோளே. போய்க்கோ" என்றார். ஜிஸ்மோள் நன்றி சொன்னாள். வாரத்துக்கு ஒரு போன் வரும். மழை பெய்கிறதா, மூட்டு எப்படி, சாப்பிட்டாச்சா, இவற்றைத் தாண்டிப் பேச்சு போகாது.

2011 ஏப்ரலில் ஒரு நாள் போனில் அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அம்மச்சி, எனக்கு மூணு மாசம்."

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து வந்த சேதி. பிரசவத்துக்கு அம்மா வரவேண்டும் என்று விசா கேட்டார்கள். முதல் தடவை கிடைக்கவில்லை. மறுபடி விண்ணப்பித்துவிட்டு, அதுவரைக்கும் முகமாவது பார்க்கலாம் என்று, ஜிஸ்மோள் பாலா டவுனில் ஷாஜி நடத்தும் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்து ஒரு லேப்டாப்புக்குச் சொன்னாள். ஜூன் முதல் வாரம், மழை பிடித்த அன்று, ஷாஜி புதுப் பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தானே கொண்டுவந்தான். நாற்பது வயது, தொப்பை, எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறவன். சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தான். மொழி எது என்று கேட்டது, தொட்டான். அடுத்துச் சின்ன எழுத்தில் ஒரு பக்கம் வந்தது. கீழே ஒரு சதுரம். ஷாஜியின் விரல் அதற்குப் போனது.

"நில்லு. அது என்ன?"

"அது ஒண்ணுமில்ல சேச்சி. சம்மதம்னு ஒரு குறி. எல்லாரும் போடறதுதான்."

சோசம்மா அவன் கையைப் பிடித்து மேசையிலிருந்து தூக்கி ஓரமாக வைத்தார். ஷாஜி அந்தப் பிடியைப் பற்றி அப்புறம் பலரிடம் சொன்னான். வயசான பொம்பள கை மாதிரியே இல்ல, போலீஸ்காரன் கை மாதிரி இருந்திச்சு.

"போடலன்னா?"

"போடலன்னா உள்ள போகாது சேச்சி. கதவு தொறக்காது."

"நானில்ல வாங்கினவ? என் சாமானத்த நான் தொறக்க யாரோட சம்மதம் வேணும்?"

"யாரோடதும் வேண்டாம். சேச்சியோட சம்மதம்தான் அவங்களுக்கு வேணும்."

"எதுக்குச் சம்மதிக்கணும்?"

ஷாஜி தலையைச் சொறிந்தான். "நெஜமாச் சொன்னா நான் படிச்சதில்ல. இத்தன வருஷத்துல ஆயிரம் பேருக்குக் குறி போட்டிருப்பேன்."

"அவங்களுக்காக நீ போட்டியா?"

"அவங்க சாயா குடிச்சிட்டு இருப்பாங்க சேச்சி."

அவனை அனுப்பிவிட்டு சோசம்மா படிக்க உட்கார்ந்தார். நாலு விரல் உயரச் சன்னலுக்குள் எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருந்தது. புரியாத சொற்களை நோட்டில் எழுதி, நர்சிங் படித்த காலத்து அகராதியில் தேடினார். நடுவில் சமையலுக்கு எழுந்து போனால் திரை அணைந்துவிடும். சில சமயம் முழுக்க நின்று, மறுபடி மொழி எது என்பதிலிருந்து ஆரம்பிக்கும். பதினாலு நாள் ஆயிற்று. இதை உங்களுக்கு விற்கவில்லை, உபயோகிக்க அனுமதிக்கிறோம் என்று இருந்தது. என்ன கெட்டுப்போனாலும் கொடுத்த விலைக்கு மேல் நஷ்டஈடு கேட்கக்கூடாது என்று இருந்தது. சில தகவல்கள் தானாகப் போகும், அதற்குச் சம்மதம் என்று இருந்தது. அதோடு, சம்மதம் இல்லையென்றால் உபயோகிக்காதீர்கள், பணம் திரும்பப் பெற விற்றவரைக் கேளுங்கள் என்றும் ஒரு வரி இருந்தது. அதைச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்.

ஷாஜி அந்த வரியைப் போனில் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். "சேச்சி, சத்தியமா இப்படி ஒரு வரி இருக்குன்னு எனக்கே தெரியாது." பெட்டி தயாரித்த கம்பெனியைக் கேட்டான். திறந்த பெட்டியை எடுக்கமாட்டோம், உள்ளே இருக்கும் புரோகிராமைத் தனியாகவும் எடுக்கமாட்டோம் என்றார்கள். சோசம்மா அந்த வரியைக் காட்டிக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினார். பதில் வரும்வரை லேப்டாப்பை மூடி, கரையான் வராத இரும்பு அலமாரியில் வைத்தார்.

ஜூலைத் தொடக்கத்தில் ஜிஸ்மோள் கூப்பிட்டாள். வேலைக்கு நடுவில் கூப்பிட்டிருக்க வேண்டும். பின்னால் வண்டிச் சக்கரம் உருளும் சத்தம்.

"ஷாஜிச் சேட்டன் சொன்னது நெஜமா? இன்னும் தொறக்கலையா?"

"கடிதம் போட்டிருக்கேன் மோளே. பதில் வரட்டும்."

"ஒரு பொத்தான் அம்மச்சி. ஒரே ஒரு பொத்தான். உலகம் பூரா அமுக்கிட்டு வேலையப் பாக்குது."

"உலகம் பூரா அமுக்கினா சரின்னு ஆயிருமா? படிக்காம—"

"ஆமா, படிக்கணும்." அவள் குரல் சட்டென்று தாழ்ந்தது. கத்தியிருந்தால் சோசம்மாவுக்குத் தேவலாம் என்றிருக்கும். "என்ன விட்டுட்டுப் போறதுக்கு இருபத்துநாலு கையெழுத்து படிக்காமப் போட்டீங்க. என் மூஞ்சியப் பாக்கணும்னா மட்டும் படிக்கணும். இல்ல?"

சோசம்மா வாயைத் திறக்கும் முன் மகளே, "சரி, டியூட்டி இருக்கு" என்று வைத்துவிட்டாள். அன்று வேகவைத்த கப்பைக்கிழங்கை அடுப்பிலேயே விட்டுவிட்டு, அலமாரியைத் திறந்து லேப்டாப்பைப் பார்த்தார். எடுத்து அமுக்கிவிடலாம் என்று கை போனது. ஆனால் மகள் சொன்னதற்காக இப்போது அமுக்கினால், அவள் சொன்னது முழுக்க உண்மை என்று ஒப்புக்கொண்டதாகும் என ஏதோ ஒரு வீம்பு தடுத்தது. பதில் ஒரு வாரத்தில் வந்துவிடும். குழந்தை பிறக்க நவம்பர் ஆகும். அலமாரியை மூடினார்.

ஜூலை பதினெட்டு, திங்கட்கிழமை. மதியம் மூன்று மணிக்கு ரெஜி கூப்பிட்டான். ரெஜி ஒருபோதும் தானாகக் கூப்பிடுகிறவன் இல்லை.

"அம்மச்சி, பயப்படாதீங்க. ஜிஸ்மோள் நல்லா இருக்கா. காலைல குழந்த பொறந்துடுச்சு. பொண்ணு."

சோசம்மா விரல் விட்டு எண்ணினார். ஆறு மாதம் முடியவில்லை.

"எவ்வளவு எடை?"

"அறுநூறு கிராமுக்குக் கீழ. டாக்டர் சொல்லிட்டாங்க அம்மச்சி. குழாய் எல்லாம் வச்சு மேல கஷ்டப்படுத்த வேண்டாம்னு. இப்போ ஜிஸ்மோள் நெஞ்சுலதான் படுத்திருக்கா. கொஞ்ச நேரம் இருப்பாளாம். எவ்வளவுன்னு சொல்லல." அவன் மூச்சு விட்டான். "அம்மச்சிக்குக் காட்டணும்னு சொல்றா. இங்க ரூம்ல கம்ப்யூட்டர் வச்சுக்க விட்டிருக்காங்க. அங்க இருக்கறது... இப்போ வேல செய்யுமா?"

"செய்யும்" என்றார் சோசம்மா. "செய்ய வைக்கிறேன். இரு."

லேப்டாப்பை மேசைக்குக் கொண்டுவந்து திறந்தார். மொழி. அடுத்து அந்தப் பக்கம் வந்தது. அவருக்கு ஏறக்குறைய மனப்பாடமாகியிருந்த பக்கம். சதுரத்தில் குறி வைத்தார். அமுக்கினார். கதவு திறக்கவில்லை. பெயர் கேட்டது. கடவுச்சொல் கேட்டது. அவர் போட்டது பத்தவில்லை என்றது. நாடு கேட்டது, மணி கேட்டது, பாதுகாப்புக்கு எது வேண்டும் என்று கேட்டது. கடைசியில் ஒரு நீலத் திரை வந்து சும்மா நின்றது. எங்கே தொட்டால் மகள் வருவாள் என்று தெரியவில்லை. ஷாஜியைக் கூப்பிட்டார். அவன் காஞ்ஞிரப்பள்ளியில் ஒரு நிச்சயதார்த்த விருந்தில் இருந்தான்.

"ஷாஜி, மோனே. ஜிஸ்மோளுக்குக் குழந்த பொறந்திருக்கு. உயிர் போயிட்டு இருக்கு. வா."

கையைக்கூடக் கழுவினானோ இல்லையோ, மழையில் பைக்கில் வந்தான். ஐம்பது நிமிஷம். இந்த நேரத்தில் பாலா டவுனுக்கு ஆட்டோ பிடித்து ஓர் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்திருக்கலாம். சோசம்மாவுக்கு அது மறுநாள்தான் தோன்றியது. அதன்பின் பல வருஷம் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஷாஜி டெலிபோன் வயரை இழுத்து இணைத்தான். சி.டி. ஒன்றைப் போட்டான். அதற்கு ஒரு சம்மதப் பக்கம் வந்தது. அவன் விரல் நின்றது. சோசம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அமுக்கு."

கேமராவுக்கு ஒன்று வந்தது. "அமுக்கு." முகம் பார்த்துப் பேசுகிற புரோகிராமை இறக்க ஆரம்பித்தான். பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. மழை ஓட்டுமேல் அடித்தது. இறங்கி முடித்ததும் அதற்கும் ஒரு பக்கம் வந்தது, மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக. ஷாஜி இந்தத் தடவை திரும்பவில்லை, ஆனால் காத்திருந்தான்.

"அமுக்குடா" என்றார் சோசம்மா. அவரை அறிந்த யாரும் கேட்டிராத குரல் அது.

ஐந்தரை மணிக்குத் திரையில் ஓர் அறை தெரிந்தது. ரெஜியின் சட்டை, பிறகு விலகி, கட்டில். ஜிஸ்மோள் தலையணையில் சாய்ந்திருந்தாள். மார்மேல் ஒரு வெள்ளைத் துணிச் சுருள். மஞ்சள் கம்பளித் தொப்பி, எலுமிச்சம்பழத்துக்குப் போடுகிற அளவு. அதற்குக் கீழே ஒரு முகம்.

முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவருக்கு நிறத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பாத்தீங்களா அம்மச்சி?" என்றாள் ஜிஸ்மோள்.

"பாத்தேன் மோளே."

"நெத்தி அப்படியே ரெஜி. மூக்கு யாரு?"

"உன் மூக்கு. நீ பொறந்தப்ப இதே மூக்குதான்."

"இப்போ நாப்பது நிமிஷம் முன்னாடி வரைக்கும் கைய அசைச்சிட்டு இருந்தா. என் விரலப் பிடிச்சா அம்மச்சி. உங்களுக்குக் காட்டலாம்னு விரல எடுக்காமலேயே வச்சிருந்தேன்."

ஷாஜி எழுந்து வெளியே போய் மழையில் நின்றான்.

சோசம்மா ஏதேதோ சொல்ல நினைத்தார். அவர் சொன்னது, "தொப்பிய நல்லா எறக்கி விடு மோளே, காது தெரியுது" என்பதுதான். ஜிஸ்மோள் தொப்பியை இறக்கி விட்டாள். அப்படியே அரைமணி நேரம் இருந்தார்கள். பிறகு யாரோ வந்து மெல்லக் கேட்க, ரெஜி கைகூப்பிவிட்டுத் திரையை மூடினான். குழந்தைக்கு அன்னா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கம்பெனியிடமிருந்து மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் பதிவுகளின்படி ஜூலை 18 அன்று நீங்கள் நிபந்தனைகளுக்குச் சம்மதம் அளித்துள்ளீர்கள், ஆகவே தங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாது. சோசம்மா முதல் வரியோடு நிறுத்தி, கடிதத்தை அடுப்பில் போட்டார்.

ஜிஸ்மோள் அந்த நாளைப் பற்றி ஒரு குத்தல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு அழுதிருக்கலாம். ஒரே ஒருமுறை சோசம்மாவே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நான் முன்னாடியே அமுக்கி வச்சிருந்தா—"

"வேண்டாம் அம்மச்சி" என்றாள். "நான்கூட அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ரெண்டு பேரும் அத எடுக்க வேண்டாம்."

2014-ல் சோசம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன். பழைய ஆஸ்பத்திரியில்தான். அவரிடம் வேலை பழகிய லிசம்மா இப்போது தலைமை நர்ஸ். சம்மதக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, வக்கீல் சேச்சி எப்படியும் அரைமணி எடுத்துக்கொள்வார் என்று மூக்குக்கண்ணாடியையும் எடுத்து நீட்டினாள். சோசம்மா கண்ணாடியை வாங்கவில்லை.

"எங்க போடணும்?"

"சேச்சி படிச்சுப் பாக்கலையா?"

"எடத்தக் காட்டு, போதும்."

லிசம்மா அந்தக் காகிதத்தைத் தானே உரக்கப் படித்தாள், ஒவ்வொரு வரியாக, மலையாளத்தில். சோசம்மா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா என்று தெரியாது. முடிந்ததும் கையெழுத்துப் போட்டார்.

விசா கடைசிவரை கிடைக்கவில்லை. அப்புறம் அவரே வேண்டாம் என்றுவிட்டார். ஜிஸ்மோளுக்கு மறுபடி குழந்தை பிறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், சர்ச்சில் குர்பானை முடிந்து வந்ததும், சோசம்மா லேப்டாப்பைச் சமையல் மேடையில் வைத்துத் திறப்பார். அங்கே காலை, இன்னும் வெளிச்சம் சரியாக வந்திருக்காது. ஆரம்பத்தில் பேச்சுக்குத் திண்டாடினார்கள். மழையும் மூட்டும் முடிந்தபின் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதே கஷ்டமாக இருந்தது. ஒரு ஞாயிறு சோசம்மா, "சரி மோளே, பயறு அரியணும், வைக்கட்டுமா?" என்று கையை நீட்டினார்.

"அணைக்க வேண்டாம் அம்மச்சி" என்றாள் ஜிஸ்மோள். "அப்படியே இருக்கட்டும். எனக்கும் துணி மடிக்கணும்."

அவள் துணிக்கூடையைக் கட்டில்மேல் கவிழ்த்தாள். சோசம்மா பலகையை இழுத்துக்கொண்டார். ஒருத்தி சட்டைகளின் கையை உள்பக்கம் மடித்து அடுக்கினாள், ஒருத்தி நீளப்பயறை விரல்கணு அளவுக்கு அரிந்து பாத்திரத்தில் போட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை.